எட்டாம் வகுப்போடு கைவிட வேண்டாம்

ஐயா,

அரசு நடுநிலைப் பள்ளிகளில் அறிவியல் சோதனைகளுக்கான வானவில் மன்றம், கலைத் திருவிழா என்று இப்போது நிறையவே நடக்கிறது. சந்தோஷம். ஆனால் எட்டாம் வகுப்பில் எழுதும் தேசிய வருவாய்வழி, திறன் படிப்புதவித் தேர்வைப் பற்றிப் பல பெற்றோருக்கு இன்னும் தெரியவில்லை. ஆண்டு வருமானம் 3.5 லட்சம் ரூபாய்க்கு மிகாத வீட்டுப் பிள்ளை தேர்வானால், பிளஸ் டூ வரை மாதம் 1,000 ரூபாய். நான்கு ஆண்டுக்கு 48,000!

பாதிக் கேள்விகள் மனத்திறன் சார்ந்தவை. எண் தொடர், உருவப் புதிரெல்லாம் கடைசி இரண்டு மாதத்தில் வந்துவிடாது; ஏழாம் வகுப்பிலேயே வாரம் ஒரு பாடவேளை ஒதுக்க வேண்டும்.

அப்புறம் இன்னொரு சிக்கல். நடுநிலைப் பள்ளி எட்டோடு முடிகிறது; பணம் வருவதோ ஒன்பதில், வேறு பள்ளியில். அங்கே ஆண்டுதோறும் உதவித்தொகைக்கான பதிவை இணையத்தில் புதுப்பிக்க வேண்டும். பழைய பள்ளிக்குப் பொறுப்பு முடிந்துவிட்டது, புதிய பள்ளிக்குப் பிள்ளையைத் தெரியாது. மாற்றுச் சான்றிதழோடு தேர்வு விவரத்தையும் சேர்த்து அனுப்பக் கல்வித் துறை உத்தரவிட்டால் என்ன? தனியார் பள்ளிக்கு மாறினால் உதவித்தொகை கிடைக்காது என்பதையும் அப்போதே பெற்றோரிடம் சொல்லிவிடலாம்.

இப்படிக்கு,
ஒரு பெற்றோர்