கவாத்து எந்த வருஷம் என்று கேள்

கோத்தகிரி
ஞாயிறு ராத்திரி

அன்புள்ள பாப்பாவுக்கு,

"என் பேட்ச்ல எல்லாரும் எங்கேயோ போய்ட்டாங்கம்மா, நான் மட்டும் நின்ன இடத்துலயே நிக்கிறேன்" என்று போனில் சொன்னாய். ஆறுதல் சொல்வதற்காக இதை எழுதவில்லை. ஒருவரோடு ஒருவரை ஒப்பிட்டுப் பார்ப்பது எப்படி வேலை செய்கிறது, கணக்கு எந்த இடத்தில் பிசகுகிறது என்பதைப் போனில் சொன்னால் பாதியில் "சரிம்மா, சரிம்மா" என்று விடுவாய். அதனால்தான் கடிதம்.

முதலில் அந்த "எல்லாரும்". உன் வகுப்பில் அறுபது பேர். போன ஒரு மாதத்தில் புது வேலை, புது வீடு, விசா என்று போட்டோ போட்டவர்களைப் பேர் பேராக எழுதிப் பார். பத்தைத் தாண்டினால் எனக்குச் சொல். மீதி ஐம்பது பேர் ஒன்றும் போடவில்லை. போடாததை மனசு எண்ணுவதில்லை. வேலை போனவன் அதைப் போட்டோ எடுத்துப் போடமாட்டான். 1991இல் ஸ்காட் ஃபெல்ட் என்ற சமூகவியலாளர் ஒரு வேடிக்கையான கணக்கைக் காட்டினார்: சராசரியாகப் பார்த்தால், நம் நண்பர்களுக்கு நம்மைவிட அதிக நண்பர்கள் இருப்பார்கள். நிறையப் பேரைத் தெரிந்தவர் நிறையப் பேருடைய பட்டியலில் வருவார், அவ்வளவுதான் காரணம். உன் போனிலும் அதே கதை. அடிக்கடி போடுகிறவர்தான் அடிக்கடி கண்ணில் படுவார்.

ஒப்பிடுவதையே விட்டுவிடு என்று சொல்ல மாட்டேன். அது நடக்காது. லியான் ஃபெஸ்டிங்கர் என்ற உளவியலாளர் 1954இலேயே சொன்னது இது: அளக்க வேறு கருவி இல்லாத இடத்தில் மனிதன் பக்கத்து ஆளை வைத்துத் தன்னை அளப்பான். காய்ச்சல் இருக்கிறதா என்று பார்க்கத் தெர்மாமீட்டர் போதும், அடுத்த வீட்டுக்காரர் தேவையில்லை. "நான் வேலையில் கெட்டிக்காரியா?" என்ற கேள்விக்குத் தெர்மாமீட்டர் கிடையாது. அதிலும் யாரை வேண்டுமானாலும் எடுத்து அளப்பதில்லை, தன்னைப்போல இருக்கிறவரைத்தான் தேடுவான். மார்க்கெட்டில் கேரட் விற்கிறவர் எஸ்டேட் முதலாளியைப் பார்த்து ஏங்க மாட்டார். அடுத்த கடைக்காரர் போர்டை மாற்றினால் மட்டும் ராத்திரி தூக்கம் வராது.

உன் சித்தி மகள் கனடா போனது உன்னை ஏன் இப்படிக் குடைகிறது என்பதற்கும் இதில்தான் விடை. ஆபிரகாம் டெஸ்ஸர் என்பவர் இதை ஆராய்ந்தார். இரண்டு விஷயம் சேரும்போதுதான் வலிக்கிறது: ஆள் நெருக்கமாக இருக்க வேண்டும், அவள் ஜெயித்த துறை உனக்கும் உயிராக இருக்க வேண்டும். அவளே பரதநாட்டியத்தில் பேர் வாங்கியிருந்தால் ஆபீஸ் முழுக்க "என் தங்கச்சி" என்று சொல்லித் திரிந்திருப்பாய். ஆகவே அந்த வலியைப் பொறாமை என்று பேர் வைத்து உன்னையே திட்டிக்கொள்ளாதே. சொந்தமும் ஒன்று, தொழிலும் ஒன்று என்பதன் விலை அது.

இப்போது நம் வீட்டுக்குக் கீழே, ரோட்டை ஒட்டி வேலிக்கு இரண்டு பக்கமும் இருக்கிற தேயிலைக் காட்டை நினைத்துக்கொள். பஸ்ஸில் போகிறவர் கண்ணுக்கு ஒரு பக்கம் பச்சைப் பாய் விரித்த மாதிரி இருக்கும், மறுபக்கம் வெறும் குச்சி. "இவன் உழைப்பாளி, அவன் சோம்பேறி" என்று தீர்ப்பு எழுதிவிட்டு அடுத்த வளைவைப் பார்ப்பார். தேயிலை தெரிந்தவர் வாயில் முதலில் வருவது "கவாத்து எந்த வருஷம்?" என்ற கேள்விதான். கவாத்து என்றால் செடியின் மேல்பாகத்தை வெட்டிவிடுவது; நாலைந்து வருஷத்துக்கு ஒரு தடவை அதைச் செய்துதான் ஆக வேண்டும். விட்டால் செடி கைக்கு எட்டாமல் உயர்ந்துகொண்டே போகும், கொழுந்து குறையும், முற்றல் இலைதான் மிஞ்சும். வெட்டிய பிறகு இரண்டு மூன்று மாதம் பறிக்க ஒன்றும் இருக்காது. அந்த வருஷ மகசூல் விழும், அடுத்த வருஷம் ஏறும். கவாத்துக் காட்டையும் மூன்றாம் வருஷக் காட்டையும் ஒரே தராசில் வைத்தால் எடை சரியாகத்தான் காட்டும், கணக்குத்தான் தப்பு.

வெட்டலாமா வேண்டாமா என்பதும் இலையைப் பார்த்துச் சொல்கிற விஷயம் இல்லை. பென்சில் கனத்தில் ஒரு வேரை எடுத்துக் குறுக்கே வெட்டி அயோடின் விட வேண்டும். மாவுச்சத்து இருந்தால் கருநீலம் ஏறும். ஏறாவிட்டால் கத்தியைக் கீழே வைத்துவிட வேண்டியதுதான். துளிர்க்கத் தெம்பில்லாமல் செடி செத்தே போகலாம். இதெல்லாம் ரோட்டிலிருந்து தெரியாது.

போன ஆடியில் சாஃப்ட்வேர் டெஸ்டிங்கை விட்டு டேட்டா பக்கம் மாறினாயே, அது உன் கவாத்து. உன் தோழி ஒரே வேலையில் நாலாவது வருஷம். அவளுக்கு இப்போது கொழுந்து வருகிறது. உனக்குக் குச்சி தெரிகிறது.

அடுத்தது சம்பளம். அவளுக்கு இத்தனை லட்சம் சிடிசி என்றாய். நம் ஊரில் சிடிசி என்றால் பாக்டரியில் அரைத்து வருகிற தூள், உங்கள் ஊரில் கம்பெனி ஒரு ஆளுக்கு வருஷத்துக்குச் செலவழிக்கிற மொத்தத் தொகை; இரண்டிலும் மூட்டையில் ஏற்றியது வேறு, கைக்கு வருவது வேறு. ஒரு கிலோ தூளுக்கு நாலு கிலோவுக்கு மேல் பச்சை இலை வேண்டும். மழையில் பறித்த இலைக்கு ஈரக் கழிவும் உண்டு. சிடிசிக்குள் முதலாளி கட்டுகிற பிஎஃப் இருக்கும், கிராஜுவிட்டி இருக்கும் (நிரந்தர வேலையில் பொதுவாக ஐந்து வருஷம் முடித்தால்தான் அது கைக்கு வரும்), இன்சூரன்ஸ் பிரீமியம் இருக்கும், வந்தால் வரும் என்கிற வேரியபிள் இருக்கும், முதல் வருஷம் மட்டும் தருகிற சேர்க்கை போனஸ்கூட இருக்கும். ஒப்பிட்டே ஆக வேண்டுமென்றால் மாதாமாதம் வங்கியில் விழுகிற தொகையை எடு. அதில் வாடகையையும் கடனையும் கழித்துவிட்டுப் பார்.

சம்பள ஒப்பீட்டுக்கு ஒரு கெட்ட குணம் உண்டு. கலிபோர்னியா பல்கலைக்கழக ஊழியர்களில் சிலருக்கு மட்டும், "எல்லோருடைய சம்பளமும் இந்த இணையதளத்தில் இருக்கிறது" என்று ஆய்வாளர்கள் தெரிவித்தார்கள். 2012இல் வெளியான ஆய்வு அது. தங்கள் பிரிவில் நடு அளவுக்குக் கீழே சம்பளம் வாங்கியவர்களுக்கு வேலையில் இருந்த திருப்தி குறைந்தது, வேறு வேலை தேடும் எண்ணம் கூடியது. மேலே இருந்தவர்களுக்குச் சந்தோஷம் கூடவில்லை. நஷ்டம் ஒரு பக்கம் விழுகிறது, லாபம் எந்தப் பக்கமும் இல்லை. அதற்காகச் சம்பளமே கேட்காதே என்று இல்லை. சந்தை விலை தெரியாமல் இலை போடுகிறவரை ஏஜென்ட் ஏமாற்றுவார். வருஷத்துக்கு ஒரு தடவை, அப்ரைசலுக்கு முன்னால், உன் வேலையையே உன் அளவு அனுபவத்தோடு செய்கிற மூன்று பேரிடம் கேள். எழுதி வை, மேனேஜரிடம் பேசு, நோட்டை மூடு. வாரா வாரம் கேட்பது வெறும் சொறிதல்.

ஒப்பிடுவது மனசைக் குத்தும் முன்பே பர்ஸைத் திறக்கவும் வைக்கும். நெதர்லாந்தில் ஒரு லாட்டரி. ஒரு தெருவின் அஞ்சல் குறியீட்டுக்கே பரிசு விழும், பணத்தோடு பிஎம்டபிள்யூ காரும். சீட்டு வாங்காத அக்கம்பக்கத்தாரைப் பிறகு ஆராய்ந்தபோது, அவர்கள் சந்தோஷம் குறைந்ததாகத் தெரியவில்லை. ஆனால் அவர்களில் கார் வாங்கியவர்கள் மற்ற இடங்களைவிட அதிகம். "எனக்கு யார்மேலும் பொறாமையே இல்லை" என்று உண்மையாகவே சொல்லிக்கொண்டு இஎம்ஐ கட்டுகிறவர்களை நம் சொந்தத்திலேயே எண்ணலாம். புலியைப் பார்த்துப் பூனை சூடு போட்டுக்கொண்ட கதையில் பூனைக்கு வருத்தம் இருந்ததாக யாரும் சொல்லவில்லை.

மேலே இருக்கிறவரைப் பார்த்தால் ஊக்கம் வரும் என்பார்கள். பாதிதான் உண்மை. லாக்வுட், குண்டா என்ற இருவர் 1997இல் எழுதியது: கணக்கியல் படிக்கும் மாணவர்களிடம், பட்டம் முடிக்கப்போகும் ஒரு சூப்பர் ஸ்டார் மாணவரைப் பற்றிப் படிக்கக் கொடுத்தார்கள். முதல் வருஷத்தாருக்குத் தெம்பு வந்தது. நாலாம் வருஷத்தாருக்கு வரவில்லை. இனி எட்ட நேரமில்லை என்று அவர்களுக்குத் தெரியும். ஆகவே பதினைந்து வருஷம் முன்னால் போனவரின் பேச்சைக் கேட்டுக்கொண்டு உட்காராதே. உன்னைவிட ஒன்று இரண்டு வருஷம் முன்னால் இருக்கிற, போன் பண்ணினால் எடுக்கிற ஒருத்தியைப் பிடி. என்ன கிடைத்தது என்று கேட்காதே, எப்படிக் கிடைத்தது என்று கேள்: எத்தனை இடத்துக்கு விண்ணப்பம் போட்டாள், எத்தனை இடத்தில் வேண்டாம் என்றார்கள், எந்தப் பாடத்துக்கு எத்தனை மாதம் ஆனது.

கீழே இருப்பவரைப் பார்த்து மனசைத் தேற்றுவது நம் வீடுகளில் பழகின மருந்து. "அவளுக்கு வேலையே இல்லை, உனக்கு இதாவது இருக்கே." தலைவலி மாத்திரை மாதிரி கொஞ்ச நேரம் கேட்கும். பிறகு "அந்த நிலை எனக்கும் வந்தால்?" என்று அதுவே பயமாகத் திரும்பும். எனக்கு இந்த மருந்தில் நம்பிக்கை இல்லை.

செய்ய வேண்டியது சின்னது. ஏழு நாள், ஒரு நோட்டு, நாலு பத்தி: நேரம், யாரைப் பார்த்து, எந்த விஷயத்தில், அடுத்த அரைமணி என்ன செய்தாய். குத்தின உடனே ஒரு வரி எழுது. வாரக் கடைசியில் நினைவிலிருந்து எழுதினால் பெரிய குத்து மட்டும்தான் ஞாபகம் வரும். பக்கம் பக்கமாகவும் எழுதாதே, அது புண்ணைக் கிளறுவது. எட்டாம் நாள் முதலில் நேரத்தைப் பார். எல்லாம் ராத்திரி பத்துக்கு மேல் படுக்கையில் என்றால் சார்ஜரைச் சமையலறையில் மாட்டு. ஒரே ஆள் நாலு தடவை வந்தால் மியூட் பண்ணு. அன்ஃபாலோ வேண்டாம், கல்யாணத்தில் பார்க்கும்போது சங்கடம். நாலாவது பத்தியில் "ரெஸ்யூமே திருத்தினேன்" என்று இருக்கிற வரிகளை மட்டும் அப்படியே இருக்க விடு, அந்த ஒப்பீடு உனக்கு உழைக்கிறது.

உன்னோடு உன்னை ஒப்பிடுவதென்றால் போன மாதத்தை எடுக்காதே, போன வருஷம் இதே மாதத்தை எடு. தையில் உறைபனி விழுந்த மாதத்து இலைக் கணக்கைச் சித்திரையோடு யாரும் வைத்துப் பார்ப்பதில்லை.

நோட்டை வர்க்கியோடு பார்சலில் போட்டிருக்கிறேன். வர்க்கி நொறுங்கியிருந்தால் டீயில் போட்டுச் சாப்பிடு. உன் சித்தி மகளுக்கும் ஒரு போன் போடு, நமக்கு ராத்திரி எட்டு என்றால் டொரண்டோவில் காலை. அவள் எத்தனை விண்ணப்பம் போட்டாள் என்று கேட்டு எனக்கும் சொல்.

அம்மா