துட்டி வீட்டில் சிரிப்பு

பாளையங்கோட்டை,
ஞாயிறு மத்தியானம்

அன்புள்ள நெட்டச்சிக்கு,

போன வாரம் நீ போனில் அவ்வளவு சொல்லியும் நான் "ம்... ம்..." என்று மட்டும் கேட்டுவிட்டு வைத்துவிட்டேன். உனக்குக் கோபம் வந்திருக்கும். எனக்கு வாயில் வராது, கையில்தான் வரும் என்று உனக்குத் தெரியுமே. எட்டாம் வகுப்பில் பக்கத்து பெஞ்சுக்குச் சீட்டு எழுதி முட்டிபோட்டவர்கள்தானே நாம்.

முதலில் இங்கத்த சங்கதி. இவருக்குச் சர்க்கரை கொஞ்சம் இறங்கியிருக்கிறது. நடைப்பயிற்சியால் என்று அவர் சொல்லிக்கொள்கிறார். அல்வாவை நான் ஒளித்து வைப்பதால் என்பது எனக்குத் தெரியும். பெரியவள் சென்னையில் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். அவள் அறையை ஒழித்தபோது இரண்டு அட்டைப்பெட்டி நிறைய இங்கிலீஷ் நாவல்கள். எல்லாம் பதின்ம வயதுப் பிள்ளைகளுக்காக எழுதியவை. பழைய பேப்பர்காரருக்குப் போடலாம் என்றுதான் ஒன்றைப் பிரித்தேன். தரையில் உட்கார்ந்தவள் எழுந்திருக்கும்போது விளக்கு வைக்கிற நேரம் ஆகிவிட்டது. அன்றிலிருந்து மூன்று வாரமாக இதே வேலைதான்.

சரி, உன் மகள் விஷயம். "அவங்கப்பா போய் எட்டு மாசம்கூட ஆகல, இவ போனைப் பார்த்துச் சிரிக்கிறா. யாரோ ஒரு பையன்" என்றாய். அந்த நிமிஷம் எனக்கு நான் பிரித்த அந்த முதல் புத்தகம்தான் ஞாபகம் வந்தது.

ஜேண்டி நெல்சன் என்ற அமெரிக்கப் பெண்மணி 2010-இல் எழுதியது. பெயர் 'தி ஸ்கை இஸ் எவ்ரிவேர்'. வடக்குக் கலிஃபோர்னியாவில் ஒரு சின்ன ஊர். லென்னிக்கு 17 வயது. அவள் அக்கா பெய்லி, நாடக ஒத்திகையில் ஜூலியட்டாக நடித்துக்கொண்டிருக்கும்போதே இதயத் துடிப்பு தாறுமாறாகி விழுந்து இறந்துபோகிறாள். அம்மா எப்போதோ பிள்ளைகளை விட்டுப் போய்விட்டவள். பாட்டியும் தாய்மாமாவும்தான் வளர்க்கிறார்கள். இப்படிச் சாவு விழுந்த துட்டி வீட்டில், பள்ளி இசைக்குழுவுக்குப் புதிதாக வந்த பையன்மேல் லென்னிக்குப் பிரியம் வந்துவிடுகிறது. அது போதாதென்று, அக்காவைக் காதலித்தவனும் இவளும் சேர்ந்து அழுகிறார்கள். அழுகை அழுகையோடு நிற்கவில்லை. அந்த இடத்தில் நான் புத்தகத்தைச் சட்டென்று மூடிவிட்டு வாசலைப் பார்த்தேன். வீட்டில் ஈ காக்கை கிடையாது, யாருக்குப் பயந்தேனோ தெரியவில்லை.

முதலில் எனக்கும் உன்னைப் போலத்தான் எரிச்சல். என்ன பிள்ளை இது என்று. ஆனால் விடாமல் படித்தேன். அவள் அக்காவை மறந்து சிரிக்கவில்லை ஏட்டி. மனசுக்குள் ஒரு சந்தோஷம் வந்ததும் அவளுக்குத் தோன்றுவதே, இதை அக்காவிடம் சொல்ல முடியாதே என்பதுதான். கையில் கிடைத்ததில் எல்லாம் கவிதை எழுதுகிறாள். காப்பிக் கோப்பை, மிட்டாய்த் தாள், இசைத்தாளின் ஓரம். எழுதி அங்கங்கே போட்டுவிட்டுப் போய்விடுகிறாள். யாரிடமும் காட்டுவதில்லை. உன் மகளும் எங்காவது எழுதி வைத்திருப்பாள். தயவுசெய்து தேடாதே.

அந்தப் பாட்டி வீட்டுக்குள் ஒரு தொட்டிச் செடி வைத்திருக்கிறாள். அது லென்னியின் செடியாம். இவளுக்கு மேலுக்குச் சுகமில்லை என்றாலோ மனசு சரியில்லை என்றாலோ அது காட்டிக்கொடுத்துவிடும் என்று நம்புகிறாள். இலையில் புள்ளி விழுந்ததும் பாட்டிக்குக் கவலை வந்துவிடுகிறது. நான் சிரித்தேன். அப்புறம் உன் ஞாபகம் வந்தது. நீயும் இப்போது அவள் முகத்தைவிட அவள் போனைத்தானே பார்த்துக்கொண்டிருக்கிறாய்? கடைசியில் அந்தப் பாட்டியே ஒருநாள் உடைந்துபோகிறாள். இந்த வீட்டில் இழப்பு உனக்கு மட்டும்தானா, நானும் ஒருத்தி இருக்கிறேனே என்று. அத்தனை நாளும் பேத்தி அதைக் கவனிக்கவே இல்லை. கதையில் எனக்குக் காதலைவிட அந்தச் சண்டைதான் பிடித்தது. நீங்கள் இருவரும் அப்படி ஒரு சண்டை போட்டுவிட்டால் தேவலை.

எல்லாப் புத்தகமும் இப்படி என்று நினைக்காதே. ஜான் கிரீன் எழுதிய 'தி ஃபால்ட் இன் அவர் ஸ்டார்ஸ்' உனக்குப் பெயராவது தெரிந்திருக்கும். 2020-இல் இந்தியில் 'தில் பேச்சாரா' என்று படமாக வந்ததே, ரஹ்மான் இசையில், அதன் மூலம் அதுதான். புற்றுநோய் வந்த பெண்ணும் பையனும் காதலிக்கிறார்கள். ஊரே அழுதது என்கிறார்கள், எனக்குப் பாதிக்கு மேல் ஒட்டவில்லை. மூக்கில் ஆக்சிஜன் குழாயோடு இருக்கிற பிள்ளை வாயைத் திறந்தால் பட்டிமன்ற நடுவர் மாதிரி பேசினால் எப்படி? ஆனால் அந்தப் பெண்ணின் அம்மா அப்பா வருகிற பக்கங்கள் பரவாயில்லை. என் மகள் அந்தப் பக்கங்களில்தான் பென்சில் கோடு போட்டிருக்கிறாள். அதைப் பார்த்து நான் கொஞ்ச நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன்.

இனி நான் சொல்லப்போவதை இதுவரை யாரிடமும் சொன்னதில்லை. எங்கப்பா இறந்த அன்றைக்கு நீ என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாய். நாம் பன்னிரண்டாம் வகுப்பு. டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில் மூன்றாவது மெஷினில் உட்கார்வானே, அவன் பந்தலுக்கு வெளியே சைக்கிளைப் பிடித்துக்கொண்டு நின்றான். நான் அவனைப் பார்த்தேன். பார்த்ததும் தாவணியைச் சரிசெய்துகொண்டேன். அப்பாவை இன்னும் குளிப்பாட்டக்கூட இல்லை. அந்த ஒரு கை அசைவுக்காக இத்தனை வருஷம் என்னை நானே திட்டியிருக்கிறேன். பதினாறாம் நாள் காரியத்துக்கு எல்லோரும் என்னைப் பார்த்து "பிள்ளை எப்படி ஒடிஞ்சு போயிட்டா" என்றார்கள். ஒடிந்தது உண்மை, அவன் வருவானா என்று வாசலைப் பார்த்ததும் உண்மை. அந்த வயதில் லென்னியின் கதை கையில் கிடைத்திருந்தால், இப்படி நினைக்கிற பிசாசு நான் ஒருத்தி மட்டுமில்லை என்றாவது தெரிந்திருக்கும்.

இன்னொரு புத்தகம் இருக்கிறது. அது உன் மகளுக்கு இல்லை, உனக்கு. எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். 'எ மான்ஸ்டர் கால்ஸ்'. ஷிவோன் டவுட் என்ற எழுத்தாளர் மனதில் வைத்திருந்த கதை. எழுதுவதற்குள் மார்பகப் புற்றுநோயில் 2007-இல் இறந்துவிட்டார், 47 வயது. அவர் விட்டுப்போன கருவை எடுத்து பேட்ரிக் நெஸ் எழுதி முடித்தார், 2011-இல் வந்தது. ஜிம் கே வரைந்த கறுப்புக் கறுப்பான படங்கள் வேறு. கானர் என்ற 13 வயதுப் பையன், அம்மாவுக்குப் புற்றுநோய். ராத்திரி சரியாக 12:07-க்கு வீட்டுக்குப் பின்னால் இருக்கிற யூ என்ற ஊசியிலை மரம் ராட்சசனாக எழுந்து வருகிறது. நான் மூன்று கதை சொல்வேன், நாலாவது கதையை நீ சொல்ல வேண்டும், அது உண்மையாக இருக்க வேண்டும் என்கிறது.

அம்மாவுக்குக் கடைசியாகக் கொடுக்கிற மருந்தும் யூ மரத்திலிருந்து எடுத்ததுதான். கதைக்காகச் சொன்னதில்லை இது. உன் வீட்டுக்காரருக்கு ஏற்றினார்களே பேக்லிடாக்ஸெல் என்ற புற்றுநோய் மருந்து, அதை முதலில் பிரித்தெடுத்தது அமெரிக்காவில் வளரும் ஒரு யூ மரத்தின் பட்டையிலிருந்து. அந்தப் பெயரை பில்லில் எத்தனை தடவை வாசித்தோம், ஒரு மரம் என்று நமக்குத் தெரியாது.

அந்தப் பையன் சொல்ல முடியாமல் வைத்திருந்த உண்மை என்ன தெரியுமா? அம்மா சாகக் கூடாது என்று நினைத்தான். இது முடிந்துவிட்டால் போதும் என்றும் நினைத்தான். இரண்டும் ஒரே மனசில். அந்தப் பக்கம் வந்ததும் எனக்கு வார்டு வராந்தா ஞாபகம் வந்தது. கடைசி வாரம், ராத்திரி, ஃபிளாஸ்க்கைக் கையில் வைத்துக்கொண்டு நீ சொன்னாய், "சீக்கிரம் முடிஞ்சா தேவலை" என்று. சொன்னவுடன் வாயைப் பொத்திக்கொண்டாய். அதற்கப்புறம் நாம் அதைப் பற்றிப் பேசவே இல்லை. அது என் காதில் விழுந்தது ஏட்டி. அன்றைக்கும் உன்னை ஒன்றும் தப்பாக நினைக்கவில்லை.

இரண்டு புத்தகத்தையும் நாளைக்கு கொரியரில் போடுகிறேன். நெல்சன் புத்தகத்தை அவளிடம் மருந்து மாதிரி நீட்டாதே. டிவி பக்கத்தில் போட்டுவிடு, எடுத்தால் எடுக்கட்டும். அந்தப் பையன் யார் என்று கேட்பதானால் கேள், ஆனால் அப்பாவை இழுத்துக் கேட்காதே. இந்த வருஷம் உங்களுக்குப் பொங்கல் இல்லை. லீவுக்கு இரண்டு பேரும் இங்கே வந்துவிடுங்கள். மாடி அறை ஒழித்தாகிவிட்டது, மின்விசிறிதான் கொஞ்சம் சத்தம் போடும்.

பார்சலில் அரைக் கிலோ அல்வாவும் வைத்திருக்கிறேன். நெய் கசிந்து புத்தகம் கெட்டுவிடாமல் இரண்டு கவர் போட்டிருக்கிறேன். இவரிடம் மட்டும் சொல்லிவிடாதே.

உன்
குட்டச்சி