சின்ன அச்சகங்கள் மாறவில்லை என்று எழுதாதீர்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

நலிந்துவரும் சிறுதொழில்களைப் பற்றி யார் எழுதினாலும் அச்சகம் என்று வரும்போது ஒரு வரி தவறாமல் வந்துவிடுகிறது, காலத்துக்கு ஏற்ப மாறவில்லை, அதனால் பின்தங்கிவிட்டார்கள் என்று. தென்மாவட்டத்தில் ஒரு தாலுகா ஊரில் அப்பா தொடங்கிய அச்சகத்தை நடத்திவரும் எனக்கு அதைப் படிக்கும்போதெல்லாம் கோபம் வருகிறது. எங்கள் அளவுக்கு மாறிய தொழில் வேறு எது என்று யாராவது சொல்லட்டும்.

அப்பா காலத்தில் ஈய எழுத்தை ஒவ்வொன்றாகப் பொறுக்கி ஸ்டிக் என்ற சட்டத்தில் அடுக்கி, ட்ரெடில் என்கிற பழைய அச்சு மெஷினில் அடித்தார்கள். கம்ப்யூட்டரில் பக்கம் அமைக்கும் டிடிபி வந்ததும் அந்த எழுத்தையெல்லாம் எடைக்குப் போட்டுவிட்டுக் கம்ப்யூட்டர் வாங்கினோம். எழுத்து அடுக்கிய கம்போசிட்டர்களில் முடிந்தவர்கள் பேஜ்மேக்கர் என்ற பக்க அமைப்பு மென்பொருளைக் கற்றுக்கொண்டார்கள், சிலர் பைண்டிங்குக்கு மாறினார்கள், சிலர் தொழிலை விட்டே போனார்கள். அப்புறம் பிளேட் போட்டு அடிக்கும் மினி ஆஃப்செட் மெஷின், அதன் பிறகு ஃபிலிம் போய் கம்ப்யூட்டரிலிருந்து நேரே எடுக்கும் சிடிபி பிளேட், இடையில் ஃப்ளெக்ஸ். ஒவ்வொன்றும் கடன் வாங்கித்தான். ட்ரெடில் அப்பாவுக்கு ஆயுள் முழுக்கச் சோறு போட்டது (பில் புக்குக்கு நம்பர் போடவும் கிழிப்பதற்கான பெர்ஃபரேஷன் துளை அடிக்கவும் இன்றைக்கும் அதைத்தான் ஓட்டுகிறேன்), மினி ஆஃப்செட் கடன் அடைந்த பிறகு கொஞ்ச காலம் சம்பாதித்துக் கொடுத்தது, அடுத்து வாங்கிய மெஷினோ கடன் முடிவதற்குள் பழசாகிவிட்டது. மாறுவதில் எங்களுக்குத் தயக்கம் இல்லை, மாறிய செலவை எடுப்பதற்குள் அடுத்தது வந்து நிற்கிறது, சிக்கல் அதில்தான்.

கல்யாணப் பத்திரிகையையே எடுத்துக்கொள்ளுங்கள். 1,000 அடித்தவர்கள் இப்போது 100 போதும், மீதிப்பேருக்கு வாட்ஸ்அப்பில் அனுப்பிக்கொள்கிறோம் என்கிறார்கள். அவர்களைக் குறை சொல்ல மாட்டேன், ஊர் ஊராய்ப் போய்ப் பத்திரிகை வைக்க யாருக்கு நேரம் இருக்கிறது. ஆனால் ஆஃப்செட்டில் 100 அடித்தாலும் 5,000 அடித்தாலும் நாலு கலருக்கு நாலு பிளேட் போட்டே ஆகவேண்டும், கலர் ஒன்றோடொன்று சேரும்வரை ஓடுகிற வேஸ்ட் ஷீட் வேறு. அந்த 100-க்கு டிஜிட்டல் மெஷின்தான் சரி, அது எங்களுக்கும் தெரியும். அதன் விலை பல லட்சம், டோனரும் உதிரிப்பாகமும் கம்பெனியிடம்தான் வாங்கவேண்டும், சர்வீஸ் ஒப்பந்தம் போட்டால் அடிக்கிற ஒவ்வொரு பிரதிக்கும் கிளிக் கட்டணம். ஆஃப்செட் மெஷின் நின்றால் பக்கத்து ஊர் மெக்கானிக் ராத்திரியில்கூட வந்து ஓடவைத்துவிடுவார். டிஜிட்டல் மெஷினில் ஒரு எலக்ட்ரானிக் போர்டு போனால் மதுரையிலிருந்து ஆள் வரும்வரை கடையைத் திறந்து வைத்துக்கொண்டு உட்கார்ந்திருக்க வேண்டியதுதான்.

வெளியில் இருப்பவர்களுக்குத் தெரியாத இன்னொரு தலைவலி எழுத்துரு. எந்தக் கம்ப்யூட்டரிலும் போனிலும் தமிழ் ஒரே மாதிரி தெரிவதற்கான யூனிகோடு குறியீட்டு முறையைத் தமிழ்நாடு அரசு 2010-லேயே ஏற்றுக்கொண்டது, நல்ல விஷயம், ஆனால் பேஜ்மேக்கரில் பழைய எழுத்துருக்களில் அடித்துச் சேர்த்த ஃபைல்கள் ஒவ்வொரு அச்சகத்திலும் குவிந்து கிடக்கின்றன, கோயில் ரசீது, சங்க விதிமுறை, பள்ளி ஆண்டு மலர் என்று. இப்போது வாடிக்கையாளர் போனில் தமிழ் அடித்து யூனிகோடில் அனுப்புகிறார், அதைப் பழைய மென்பொருளில் போட்டால் எழுத்து உடைகிறது, மாற்றிப் போட்டு மறுபடி மெய்ப்பு பார்க்கவேண்டும், அந்த நேரத்துக்கு யாரும் காசு தருவதில்லை. சிலர் டிசைனையே போனில் செய்து அனுப்பிவிடுகிறார்கள். திரையில் ஒளியால் பளிச்சென்று தெரியும் பச்சையை நாலு மையால் காகிதத்தில் அப்படியே கொண்டுவர முடியாது. கலர் மங்கிவிட்டது என்று வருகிற வேலைகளில் பாதியில் சண்டை வருகிறது. இளைஞர்கள் யாரையாவது இதற்கென்று வைக்கலாம் என்றால், சென்னை தரமணியில் அச்சுத் தொழில்நுட்பம் படித்துவிட்டு வருகிறவர் எங்கள் ஊர்ச் சம்பளத்துக்கு ஏன் வரப்போகிறார்?

அரசு பக்கமும் சொல்ல இருக்கிறது. அமைச்சகங்களும் பொதுத்துறை நிறுவனங்களும் காலண்டர், டைரி அச்சிட வேண்டாம், டிஜிட்டலுக்கு மாறுங்கள் என்று மத்திய நிதி அமைச்சகம் உத்தரவு போட்டது 2020 செப்டம்பரில், அதாவது கொரோனாவில் நாங்கள் எழுந்திருக்கவே முடியாமல் கிடந்தபோது. 2021 அக்டோபரில் காலண்டர், கார்டு முதலிய அச்சுப் பொருட்களுக்கு ஜிஎஸ்டி 12 சதவீதத்திலிருந்து 18 ஆனது. ஆடிப்பெருக்கன்று சிவகாசியில் அடுத்த வருஷக் காலண்டர் மாதிரிகள் அடங்கிய ஆல்பம் வெளியாகும், அதைக் கையில் வைத்துக்கொண்டு ஊரில் ஜவுளிக்கடை, நகைக்கடை, மளிகைக்கடை என்று ஏறி இறங்கி ஆர்டர் பிடிப்பது எங்களைப் போன்ற அச்சகங்கள்தான். விலை ஏறியதும் கடைக்காரர்கள் முதலில் வெட்டுவது இந்தச் செலவைத்தான்.

பணம் வருவதைப் பற்றிப் பேசவே வேண்டாம். சிறு நிறுவனங்களுக்கு அதிகபட்சம் 45 நாளில் பணம் தந்துவிட வேண்டும் என்று 2006-லிருந்து சட்டம் இருக்கிறது. எங்களுக்குப் பெரிய வேலை தரும் ஒரு கல்வி நிறுவனம் போன கல்வியாண்டு பில்லை இன்னும் தரவில்லை, புகார் கொடுக்க வழி இருந்தாலும் கொடுத்தால் அடுத்த ஆர்டர் வராது என்று பேசாமல் இருக்கிறேன். அந்தப் பணம் வந்தால்தானே மெஷினுக்கு முன்பணம்.

தேவை தனித்தனிக் கடன் அல்ல என்பது என் கருத்து. ஒரு தாலுகாவில் இருக்கும் ஏழெட்டு அச்சகங்களுக்குப் பொதுவாக ஒரு நல்ல டிஜிட்டல் மெஷின், ஒரு கட்டிங் மெஷின், தெரிந்த ஆள் ஒருவர், இவ்வளவு போதும். பொது வசதி மையம் அமைக்க மத்திய அரசின் குறு, சிறு நிறுவனத் தொகுப்பு மேம்பாட்டுத் திட்டத்தில் மானியமே இருக்கிறது. ஆனால் தொகுப்பு என்பது ஒரே தொழில் ஓரிடத்தில் குவிந்திருக்கும் சிவகாசி மாதிரி ஊருக்குச் சரி. சிதறிக் கிடக்கும் எங்களைச் சேர்த்துக் கம்பெனி பதிவு செய்து, திட்ட அறிக்கை தயாரித்து, எங்கள் பங்குப் பணத்தையும் திரட்டுவது யார்? எங்களுக்குள் ஒற்றுமை குறைவுதான், ஒரு நோட்டீஸ் ஆர்டருக்காக விலையைக் குறைத்துக் குறைத்து எல்லோரும் கெட்டோம், அதையும் மறைக்கவில்லை.

உங்கள் நிருபர்கள் மாவட்டத் தொழில் மையங்களுக்குப் போய், சிதறிய சிறு அச்சகங்களுக்கு இந்தத் திட்டத்தில் இடம் உண்டா, குறைந்தது எத்தனை பேர் சேரவேண்டும், விண்ணப்பத்தை யார் தயாரித்துத் தருவார்கள் என்று கேட்டு எழுதுங்கள். பக்கத்து அச்சகங்களில் மூன்று பேரிடம் பேசியிருக்கிறேன், அவர்களும் இதைத்தான் கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
அச்சக உரிமையாளர் ஒருவர்,
தென்காசி மாவட்டம்