பாப்பாவுக்கு, உறையூரிலிருந்து

அன்புள்ள பாப்பாவுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு மூட்டு வலி பழையபடிதான். புதிதாக ஏதோ ஒரு தைலம் தேய்க்கிறாள். வீடு முழுக்கக் கர்ப்பூர வாசனை. நீ போனை எடுப்பதில்லை. எடுத்தாலும் "அப்புறம் கூப்பிடுகிறேன் அப்பா" என்பதோடு சரி. கடிதத்திடம் அப்படிச் சொல்ல முடியாது அல்லவா, அதனால்தான் இது.

முதலில் பல். தைப்பூசத்துக்கு வந்திருந்தபோதே ஒரு பக்கமாகத்தான் மென்றுகொண்டிருந்தாய். கடைவாய்ப் பல்லைக் காட்டினாயா இல்லையா? வலி நின்றுவிட்டால் பல் சரியாகிவிட்டது என்று அர்த்தம் இல்லை. போய்க் காட்டு.

சீரியலை விட்டுவிட்டாயாம், நாவல் எழுதுகிறாயாம். அம்மா சொன்னாள். என்னிடம் நீ சொல்லவில்லை. பரவாயில்லை. ஏன் விட்டாய் என்றும் நான் கேட்கப்போவதில்லை. ரேஷன் கடையில்தான் எனக்குக் கொஞ்சம் சங்கடம். "மாமியாராக வருகிறாளே, உங்கள் மகள்தானே? இப்போது ஏன் காணோம்?" என்று கேட்கிறார்கள். வேறு வேலையாக இருக்கிறாள் என்கிறேன். அந்த மாமியாரை ஊரே திட்டித் தீர்த்தது, உனக்குத் தெரியுமா? ஒரு பாட்டி என்னிடமே வந்து, "பெண்ணைக் கொஞ்சம் நல்லபடியாக வளர்த்திருக்கக் கூடாதா" என்றாள். அன்றைக்கு எனக்கு இருந்த பெருமை எந்த விருதுக்கும் வராது.

நாவல் எழுதுவதைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். நான் நூலகத்தில் இருந்தவன். சொல்லாமல் இருக்க வராது. டி.பி. ராஜலட்சுமி அம்மாளை உனக்குப் 'தமிழ்ப் பேசும் படத்தின் முதல் கதாநாயகி' என்றுதான் தெரிந்திருக்கும். நாடகப் பள்ளியில் அந்த ஒரு வரியோடு கடந்திருப்பார்கள். அவர் நாவலாசிரியரும்கூட. நாவலாசிரியர்கள் பட்டியலில் அவரைச் சேர்ப்பவர்கள் குறைவு. நடிகை எழுதியது என்றால் யாரோ எழுதிக் கொடுத்திருப்பார்கள் என்று நினைக்கிற புத்தி அன்றைக்கும் இருந்தது, இன்றைக்கும் இருக்கிறது. உன்னையும் அப்படிக் கேட்பார்கள். தயாராக இரு.

டி.பி. என்பது திருவையாறு பஞ்சாபகேசன். 1911இல் பிறந்தவர். சிறுமியாக இருக்கும்போதே கல்யாணம் செய்து வைத்தார்கள். அது நிலைக்கவில்லை. பிறந்த வீட்டுக்கே வந்துவிட்டார். தகப்பனாரும் போய்ச் சேர்ந்தார். தாயும் மகளுமாகப் பிழைக்க வந்த இடம் நம் திருச்சிதான். பிராமண வீட்டுப் பெண், புகுந்த வீட்டிலிருந்து திரும்பி வந்தவள், நாடக மேடை ஏறினாள் என்றால் அந்த நாளில் அக்கிரகாரம் என்ன பேசியிருக்கும் என்று நான் உனக்கு எழுத வேண்டியதில்லை. உன்னைப் பாட்டி என்ன சொன்னாள் என்பது உனக்கு நினைவிருக்கும். அதைவிடப் பத்து மடங்கு. நாடக ஆசிரியர் சங்கரதாஸ் சுவாமிகள் பாடச் சொல்லிக் கேட்டு, இந்தப் பெண்ணைச் சேர்த்துக்கொள்ளலாம் என்று சொன்ன பிறகுதான் சாமண்ணா நாடகக் கம்பெனியில் இடம் கிடைத்தது. பவளக்கொடி வேடமெல்லாம் போட்டார். மைக் இல்லாத காலம். விடிய விடிய நடக்கிற நாடகத்தில் கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவனுக்கும் பாட்டு கேட்க வேண்டும்.

அந்தத் தொண்டையோடுதான் பம்பாய் போனார். 1931 அக்டோபர் 31இல் தமிழின் முதல் பேசும் படமான 'காளிதாஸ்' வந்தது. இந்தியாவின் முதல் பேசும் படம் வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. படப்பெட்டி சென்னைக்கு ரயிலில் வந்து இறங்கியபோது பூப்போட்டுத் தேங்காய் உடைத்துக் கற்பூரம் காட்டி ஊர்வலமாகக் கொண்டுபோனார்களாம். படத்தில் இவர் தமிழில் பேசுகிறார், கதாநாயகன் தெலுங்கில் பதில் சொல்கிறார், இன்னொருவர் இந்தியில் பேசுகிறார். நீ நடிகை, நீயே யோசித்துப் பார். எதிரே நிற்பவன் சொல்வது ஒன்று, நீ பேச வேண்டியது வேறு, ஆனால் பார்ப்பவனுக்கு நீங்கள் இருவரும் பேசிக்கொள்வதாகத் தோன்ற வேண்டும். நானும் அம்மாவும் தினமும் செய்வதுதான், ஆனால் எங்களை யாரும் படம் எடுக்கவில்லை. கதை காளிதாசன் காலத்துக் கதை. நடுவில் காந்தியின் ராட்டினத்தைப் பற்றி மதுரை பாஸ்கரதாஸ் எழுதிய பாட்டு. அதையும் இவர்தான் பாடினார். பொருத்தமா இல்லையா என்று யாரும் கேட்கவில்லை. ஜனங்கள் கைதட்டினார்கள். அந்தப் படத்தின் பிரதி ஒன்றுகூட இன்று இல்லை.

சொல்ல வந்தது இதுதான்: ராஜலட்சுமி அம்மாள் நடிப்பை விட்டுவிட்டு எழுத வரவில்லை. நடித்துக்கொண்டே எழுதினார். 'சினிமா ராணி' என்று ஊர் கொண்டாடிய காலத்திலேயே 'கமலவல்லி' என்ற நாவல் வந்துவிட்டது. பிறகு 'விமலா' முதலானவை. ஒரு வேலைக்காக இன்னொன்றை மூட்டை கட்டி வைக்கவில்லை. நீயும் வைக்க வேண்டாம். வருமானத்துக்காகச் சொல்கிறேன் என்று நினைக்காதே. வருமானத்துக்காகவும்தான் சொல்கிறேன். வீட்டு வாடகை எப்படிக் கொடுக்கிறாய்?

அந்தக் காலத்தில் பெண்கள் நாவல் எழுதுவது அதிசயம் அல்ல. வை.மு. கோதைநாயகி அம்மாள் 1925இலிருந்தே 'ஜகன்மோகினி' பத்திரிகையை நடத்திக்கொண்டிருந்தார். அதற்கு வீட்டுப் பெண்கள் காத்திருந்து படித்தார்கள். ஆனால் வீட்டில் இருந்து எழுதுவதற்கும் மேடையில் இருந்து எழுதுவதற்கும் வித்தியாசம் உண்டு. கோதைநாயகி அம்மாளின் நாவல் 'அநாதைப் பெண்' 1938இல் படமாக வந்தது. எடுத்தவர்கள் வேறு ஆட்கள். ராஜலட்சுமி அம்மாள் அதற்கும் இரண்டு ஆண்டு முன்பே, தன் நாவலைத் தானே படமாக எடுத்துவிட்டார். கமலவல்லி, 'மிஸ் கமலா' ஆனாள். கதை இவருடையது, இயக்கம் இவருடையது, ஸ்ரீ ராஜம் டாக்கீஸ் என்று கம்பெனியும் இவருடையது, கமலாவும் இவரேதான். தென்னிந்தியாவில் படம் இயக்கிய முதல் பெண் என்று இன்றைக்குச் சொல்கிறார்கள். 1939இல் 'மதுரை வீர'னும் எடுத்தார். பிற்காலத்தில் கையில் பணம் நிற்கவில்லை. சொந்தப் படம் எடுத்தவர்களின் கதை பெரும்பாலும் அப்படித்தான் முடியும். 1964இல் காலமானார். உன் புத்தகத்தைப் படமாக்க உரிமை கேட்டு யாராவது வந்தால், கையெழுத்துப் போடும் முன் ஒவ்வொரு பக்கத்தையும் படி. போன தடவை ஒருவர் முன்பணத்தோடு காணாமல் போனது போதும். ஒவ்வொரு பக்கத்தையும் படி.

'கமலவல்லி'யைப் பற்றி நான் யோசிப்பது இன்னொன்று. ராஜலட்சுமி அம்மாளிடம் நாவலுக்குக் கதையா பஞ்சம்? சிறு வயதுக் கல்யாணம், திரும்பி வந்தது, தகப்பன் போனது, தாயோடு ஊர் மாறியது. எல்லாம் கையிலேயே இருந்தது. 'ராஜலட்சுமியின் கதை' என்று போட்டிருந்தால் புத்தகம் பறந்திருக்கும். போடவில்லை. கமலவல்லி என்று வேறொரு பெண்ணை உண்டாக்கினார். பிறகு தன் சொந்த மகளுக்கும் கமலா என்றே பெயர் வைத்தார். கதையில் இருந்து வீட்டுக்குள் ஒரு பெயரைக் கொண்டுவந்தார். வீட்டில் இருந்து யாரையும் கதைக்குள் இழுத்துப் போடவில்லை. குறைந்தது பெயரோடு போடவில்லை.

நீ தைப்பூசத்தின்போது அத்தையோடு மாடியில் இரண்டு ராத்திரி உட்கார்ந்திருந்தாய். நோட்டு வைத்துக்கொண்டு. நான் தண்ணீர்ச் சொம்பு எடுக்க வந்தபோது இருவரும் முருங்கைக்காய் விலையைப் பேச ஆரம்பித்தீர்கள். அத்தை எந்தக் காலத்தில் முருங்கைக்காய் வாங்கியிருக்கிறாள்? நான் கேட்கவில்லை. நீ ஊருக்குப் போன பிறகுதான் போன் வருவது குறைந்தது. இரண்டுக்கும் சம்பந்தம் இருக்கிறது என்று நான் சொல்லவில்லை.

உன் எழுத்தில் யார் தலையிட முடியும்? நான் தலையிடவில்லை. சேலத்து விஷயம் என்று ஒன்று உண்டு. அது அத்தைக்கும் இந்த வீட்டுக்கும் மட்டும் தெரிந்தது. உன் சித்தப்பா பிள்ளைகளுக்கே தெரியாது. இப்போது அவள் கோவிலுக்குப் போகிறாள், பக்கத்து வீட்டுக் குழந்தைகளுக்குக் கணக்குச் சொல்லித்தருகிறாள், நிம்மதியாக இருக்கிறாள். நாலு பேர் படித்துவிட்டு வந்து, "நீங்கள்தானா அது?" என்று கேட்டால் அவள் என்ன சொல்வாள்? உன் வயதுக்காரர்களுக்கு எதையும் வெளியே சொல்வது சுலபமாக இருக்கலாம்.

பல் டாக்டரிடம் போவதைத் தள்ளிப் போடாதே. எழுத உட்கார்ந்தால் சாப்பிட மாட்டாய் என்று எனக்குத் தெரியும்; பரீட்சைக்கே அப்படித்தான் இருந்தாய். எழுதியதைக் கம்ப்யூட்டரில் மட்டும் வைக்காமல் ஒரு நகல் அச்செடுத்து இங்கே இரும்புப் பெட்டியில் வைத்துவிடு. பூட்டி வைப்பேன், படிக்க மாட்டேன்.

ராஜலட்சுமி அம்மாள் பிறகு நடிகர் டி.வி. சுந்தரத்தை மணந்துகொண்டார். எத்தனையோ பேர் எழுதும்போது அதை ஒரு வரியில் தாண்டிவிடுகிறார்கள். எனக்கு அந்த வரியிலேயே கண் நிற்கிறது. முதல் கல்யாணம் உடைந்து போன பெண், அந்தக் காலத்தில், தானாக ஒருவரைத் தேர்ந்தெடுத்து வாழ்ந்திருக்கிறார். அத்தைக்கு நடந்தது அதற்கு முப்பது வருஷத்துக்கும் பிறகு. நம் வீட்டில் அப்படி ஒரு பேச்சு எழுந்ததே இல்லை. யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. எடுத்துச் சொல்லவும் யாரும் இல்லை.

இதுவரை எழுதிவிட்டு எழுந்து போனேன். திரும்பி வந்தால் அத்தை நாற்காலியில் உட்கார்ந்து கடிதத்தைப் படித்துக்கொண்டிருக்கிறாள். எனக்குக் கோபம் வந்தது. அவள் கண்ணாடியைக் கழற்றிவிட்டு, "பாப்பாவிடம் ஒன்று தப்பாகச் சொல்லிவிட்டேன், திருத்தி எழுது" என்றாள். சேலத்திலிருந்து கடைசியாக வந்தது பஸ்ஸில் என்று உன்னிடம் சொன்னாளாம். பஸ் இல்லை, ரயில். ஈரோட்டில் இறங்கி மாறினாளாம், கரூர் வரும்போது விடிந்துவிட்டதாம். ஒரு அம்மாள் கொய்யாப்பழம் கொடுத்தாளாம். "நாவலில் ரயில் வந்தால் நன்றாக இருக்கும். பஸ்ஸில் வந்ததாக எழுதினால் எனக்கே நம்பிக்கை வராது" என்கிறாள். எப்போதிலிருந்து நாவல் படிக்கிறாள் என்று தெரியவில்லை. நான் இத்தனை பக்கம் அவளுக்காகக் கவலைப்பட்டு எழுதியிருக்கிறேன், அவளுக்கு ரயில்தான் கவலை.

எழுந்து போகும்போது இன்னொன்று சொன்னாள். "முதல் தடவை வந்தபோது என்னை மறுபடியும் கொண்டுபோய் விட்டது யார் என்று பாப்பா கேட்டாள். நான் சொல்லவில்லை. நீ வேண்டுமானால் எழுது."

எழுதுகிறேன். எனக்கு அப்போது பதினான்கு வயது. தாத்தா என் கையில் டிக்கெட்டுகளைக் கொடுத்தார், ஒரு பை நிறைய முறுக்கும் கொடுத்தார், "அக்காவை விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வா" என்றார். விட்டுவிட்டு அடுத்த வண்டியில் வந்தேன். வழியில் அவள் என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. வாசலில் நின்று, "நீயும் ஒரு ராத்திரி இருந்துவிட்டுப் போயேன்" என்றாள். பள்ளிக்கூடம் இருக்கிறது என்றேன். மறுநாள் ஞாயிற்றுக்கிழமை. அதைத் தப்பு என்று நான் சொல்ல மாட்டேன். பதினான்கு வயதுப் பையனை யார் கேட்டுக்கொண்டு செய்தார்கள்? உன் நோட்டில் யார் விட்டது என்று காலியாக இருந்தால் நிரப்பிக்கொள்.

பெயரை மட்டும் மாற்று. எல்லோருடைய பெயரையும். சேலத்தையும் வேறு ஊராக ஆக்கலாம். ஆனால் ஈரோட்டில் வண்டி மாறுகிற ஊராக இருக்க வேண்டும், அது அத்தையின் நிபந்தனை.

எழுதி முடித்த பக்கங்களை எனக்கு அனுப்ப வேண்டாம், அவளுக்கு அனுப்பு. எழுத்தைப் பெரிதாகப் போட்டு அச்செடு. போன மாதம்தான் கண்ணாடி மாற்றினாள், இன்னும் பழகவில்லை என்கிறாள்.

அன்புடன்,
அப்பா