40 ஏக்கரும் ஒரு வாக்கெடுப்பும்

அமெரிக்க நாடாளுமன்றத்தின் இரு அவை உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

இங்கே வாக்குரிமை உள்ள தமிழர்களும் படிக்கட்டும் என்றுதான் தமிழில் எழுதுகிறேன்.

என் மகள் ஜார்ஜியாவில் பிறந்தவள். பிறந்த அன்றே இந்நாட்டின் குடிமகள் ஆகிவிட்டாள். அந்த உரிமையை அவளுக்குத் தந்தது 1868-இல் வந்த 14-ஆம் அரசியல் சட்டத் திருத்தம். அடிமைகளாக இருந்தவர்களைக் குடிமக்கள் என்று ஏற்க வந்த திருத்தம் அது. அவர்கள் பட்ட பாட்டின் பலனை எங்கள் வீடும் அனுபவிக்கிறது. அடிமையாக உழைத்ததற்கு அவர்களுக்கு வர வேண்டிய பாக்கியைக் கேட்கும் கடமையும் அதனால் எங்களுக்கு உண்டு.

எங்கள் மாநிலத்தின் சவானா நகரில் மேடிசன் சதுக்கத்தை ஒட்டி ஒரு பழைய பெரிய வீடு இருக்கிறது. அண்மையில் அதன் வாசலில் கொஞ்ச நேரம் நின்றேன். உள்நாட்டுப் போர் முடியும் தறுவாயில், 1865 ஜனவரி 12 இரவு, வடபகுதிப் படையின் தளபதி ஷெர்மனும் போர்த்துறை அமைச்சர் ஸ்டான்டனும் 20 கறுப்பினப் போதகர்களை அந்த வீட்டுக்கு அழைத்துப் பேசினார்கள். எல்லோர் சார்பிலும் பேசியவர் காரிசன் ஃபிரேசியர், வயது 67. எட்டு ஆண்டுகளுக்கு முன் 1,000 டாலரைப் பொன்னும் வெள்ளியுமாகக் கொடுத்துத் தன்னையும் மனைவியையும் மீட்டுக்கொண்டவர். சொந்தக்காலில் நிற்க என்ன வேண்டும் என்று கேட்டார்கள். நிலம் வேண்டும், நாங்களே உழுது பிழைத்துக்கொள்வோம் என்றார். நான்கே நாளில் ஷெர்மனின் உத்தரவு வந்தது: கடலோர நிலத்தில் குடும்பத்துக்கு 40 ஏக்கர் வரை. சில மாதங்களுக்குள் சுமார் 40,000 பேர் குடியேறிவிட்டார்கள்.

அந்த ஆண்டே எல்லாம் தலைகீழானது. லிங்கனுக்குப் பின் வந்த ஆண்ட்ரூ ஜான்சன், கிளர்ச்சியில் சேர்ந்திருந்த பழைய பண்ணையார்களை மன்னித்து நிலத்தைத் திருப்பிக் கொடுத்தார். அந்தச் சேதியைச் சொல்ல அக்டோபரில் தென் கரோலினாவின் எடிஸ்டோ தீவுக்குப் போனவர் தளபதி ஹவர்டு. போரில் வலக்கையை இழந்தவர். பண்ணையார்களை மன்னித்துவிடுங்கள் என்று கேட்டார். தீவு மக்கள் அவருக்கு எழுதிய பதில் மடலை எத்தனை முறை படித்தாலும் மனசு கனத்துப் போகிறது. உங்களுக்குப் போனது ஒரு கை, நீங்கள் மன்னிக்கலாம். என்னை மரத்தில் கட்டி 39 கசையடி கொடுத்தவனை, என் தாயையும் சகோதரியையும் ஆடை களைந்து அடித்தவனை நான் எப்படி மன்னிப்பேன் என்று அதில் கேட்டிருந்தார்கள்.

அப்புறம் வந்தது, விளைச்சலில் பங்கு கொடுத்து அடுத்தவர் நிலத்தை உழும் வாரச் சாகுபடி. விதை, மாடு, சாப்பாட்டுச் சாமான் எல்லாம் கடன். கணக்கு நோட்டு நிலக்காரர் கையில். பருத்தி எடுத்துக் கணக்குப் பார்த்தால் பல குடும்பங்களுக்கு மிஞ்சியது அடுத்த வருடத்துக்கான கடன்தான்.

அன்றைக்கு அரசிடம் பணம் இல்லை என்று தயவுசெய்து சொல்லாதீர்கள். 1862 ஏப்ரலில் தலைநகர் வாஷிங்டனில் அடிமைமுறையை ஒழித்தபோது, அரசுக்கு விசுவாசமான உடைமையாளர்களுக்குத் தலைக்கு 300 டாலர் வரை ஈடு கொடுக்க உங்கள் அவைகளே சட்டம் இயற்றின. விடுதலையானவர்களுக்கு? நாட்டைவிட்டுப் போக விரும்பினால் 100 டாலர் வரை. இங்கேயே வாழ நினைத்தவருக்கு ஒரு காசும் இல்லை. உழைப்பைப் பறித்தவருக்கு நஷ்ட ஈடு, பறிகொடுத்தவருக்கு வழிச்செலவு! இதை எழுதும்போதே எனக்குக் கை நடுங்குகிறது.

1989-இல் கீழவை உறுப்பினர் ஜான் கான்யர்ஸ் ஒரு மசோதா கொண்டுவந்தார். அந்த 40 ஏக்கரை நினைவூட்டத்தான் பின்னாளில் அதற்கு எச்.ஆர். 40 என்று பெயர் வந்தது. அது உடனே பணம் கேட்கவில்லை. அடிமைமுறையின் விளைவுகளை ஆராய்ந்து ஈடு பற்றிப் பரிந்துரைக்க ஓர் ஆணையம் வேண்டும் என்கிறது, அவ்வளவுதான். 2021 ஏப்ரலில் கீழவையின் நீதிக்குழுவில் 25 பேர் ஆதரவாகவும் 17 பேர் எதிராகவும் வாக்களிக்க நிறைவேறியது. முழு அவையின் வாக்கெடுப்புக்கு வராமலே நின்றது.

அதை வாக்கெடுப்புக்குக் கொண்டுவாருங்கள். எதிர்ப்பவர்கள் எதிர்த்தே வாக்களிக்கட்டும். யார் எந்தப் பக்கம் நின்றார்கள் என்பது பெயரோடு பதிவாகட்டும். அடுத்த தேர்தலில் நாங்கள் அதைப் பார்த்துத்தான் வாக்களிப்போம்.

இப்படிக்கு,
ஜார்ஜியாவிலிருந்து ஒரு தமிழ் வாக்காளர்