உரிமைத் தொகையைச் சொல்லி உரிமையை மறுப்பதா?

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

எங்கள் தொகுதி எம்.எல்.ஏ. போன வாரம் குறை கேட்க வந்திருந்தார். காலனித் தெருவிலிருந்து வந்த ஒரு பெண் மனு கொடுத்தார். ஊர்த்தெருக் குழாய்களில் தினமும் தண்ணீர் வருகிறது, எங்கள் தெருவுக்கு வாரத்தில் இரண்டு நாள் வந்தாலே பெரிது என்றார். இரண்டு தெருவுக்கும் ஒரே மேல்நிலைத் தொட்டிதான்.

எம்.எல்.ஏ. மனுவை உதவியாளரிடம் நீட்டிவிட்டு, "ஏம்மா, ரேஷன் அரிசி வருது, பஸ்ல காசில்லாம போறீங்க, மாசம் ஆயிரம் வருது. எல்லாம் வரி கட்டுறவங்க பணம். கொஞ்சம் பொறுத்துக்குங்க" என்றார். அந்தப் பெண் ஒன்றும் சொல்லாமல் இறங்கிப் போய்விட்டார். அன்றிலிருந்து எனக்கு மனசே சரியில்லை.

நான் வணிகவரித் துறையில் 31 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வு பெற்றவன். வரி கட்டுகிறவர் யார் என்று எனக்குத் தெரியும். அந்தப் பெண்ணின் கையில் பழைய பட்டன் போன் ஒன்று இருந்தது. அதற்கு நூறு ரூபாய்க்கு ரீசார்ஜ் செய்தால் அதில் 15 ரூபாய்க்கு மேல் ஜி.எஸ்.டி. கோடீஸ்வரர் போனுக்கும் அதே 18 சதவீதம்தான். தொழில் நடத்துகிறவராவது தொழிலுக்கென்று கட்டிய வரியைக் கணக்கில் காட்டிக் கழித்துக்கொள்வார். கூலி வேலைக்குப் போகிற பெண் எதில் கழிப்பது? சோப்பு, செருப்பு, பிள்ளையின் பென்சில் பாக்ஸ் என்று கடை கடையாகக் கைமாறி வருகிற வரி கடைசியில் அவர் தலையில்தான் விடிகிறது. வருமான வரி கட்டுகிறவர் மட்டும்தான் வரி கட்டுகிறார் என்று படித்தவர்களே பேசுகிறார்கள். சட்டமன்றத்தில் பட்ஜெட்டுக்குக் கை தூக்குகிற ஒருவரும் அப்படிப் பேசலாமா?

இலவசம் எல்லாவற்றுக்கும் நான் ஆதரவாளன் அல்ல. 2011-இல் மிக்சி, கிரைண்டர் கொடுத்தபோதே எனக்கு உடன்பாடில்லை. ஒரு திட்டம் வேண்டாம் என்று நினைத்தால் எம்.எல்.ஏ. அதைச் சட்டமன்றத்தில் எழுந்து சொல்லட்டும். அது அவருடைய கருத்து, கேட்டுக்கொள்வேன். ஆனால் மாதம் ஆயிரம் கொடுப்பதைக் காட்டித் தண்ணீரைப் பொறுத்துக்கொள்ளச் சொல்வது வேறு. 2023-இல் தொடங்கிய அந்தத் திட்டத்துக்கு அரசு வைத்த பெயரே 'மகளிர் உரிமைத் தொகை'.

பொதுப்பணம் யாருடையது என்ற வழக்கு நூறு ஆண்டுக்கு முன்பே சட்டசபை ஏறிவிட்டது. 1923-இல் பம்பாய் சட்டசபையில் எஸ்.கே. போலே கொண்டுவந்த தீர்மானம், பொதுப்பணத்தில் வெட்டிப் பராமரிக்கிற கிணறும் குளமும் தீண்டப்படாதவர் என்று ஒதுக்கப்பட்டவர்களுக்கும் திறந்திருக்க வேண்டும் என்றது. மறு ஆண்டே நம் சென்னை சட்டசபையில் இரட்டைமலை சீனிவாசன் பொதுச்சாலை, பொதுக்கிணறு, அரசு அலுவலகம் எல்லாம் எல்லோருக்கும் பொது என்று தீர்மானம் கொண்டுவந்தார். ஏட்டில் எழுதியது குளக்கரைக்கு வந்து சேரவில்லை. அதனால்தான் 1927 மார்ச்சில் அம்பேத்கர் ஆயிரக்கணக்கானவர்களோடு பம்பாய் மாகாணத்து மகாட் ஊரின் பொதுக்குளத்துக்கு நடந்து போய்த் தண்ணீரை அள்ளிக் குடிக்க வேண்டியிருந்தது. பிறகு அரசியல் சட்டத்தின் 15-ஆவது பிரிவிலும் அது ஏறியது: முழுவதுமோ ஒரு பகுதியோ அரசுப் பணத்தில் பராமரிக்கப்படும் கிணறு, குளம், சாலையைப் பயன்படுத்த மதம், சாதி, பால், பிறந்த இடம் பார்த்து யாரையும் தடுக்கக் கூடாது. எம்.எல்.ஏ. பதவியேற்றபோது உறுதிமொழி எடுத்தது இந்தச் சட்டத்தின் மேல்தான்.

சாதி பார்த்து யாரோ வால்வை மூடுகிறார்கள் என்று நான் சொல்லவில்லை. குழாய் மேட்டில் இருக்கலாம், மோட்டார் பழுதாகியிருக்கலாம். எதுவானாலும் ஆள் அனுப்பிப் பார்த்திருக்க வேண்டும். பார்க்காமலே பொறுத்துக்கொள்ளச் சொன்னதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

மனு கொடுத்து ஒன்பது நாளாகிறது. தங்கள் நிருபர் ஒருநாள் காலை ஆறு மணிக்கு அந்தத் தெருவுக்கு வந்து குழாயைத் திறந்து பார்க்க வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன். நான் உடன் வருகிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வணிகவரித் துறை ஊழியர்