உணவுக்கூடத்திலிருந்து ஆலயத்துக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சென்னையின் பழைய தேவாலயங்களைப் பற்றி எழுதுவோர், புனித ஜார்ஜ் கோட்டையிலுள்ள புனித மரியாள் ஆலயத்தை பின்னாளில் சென்னை ஆளுநரான எலிஹு யேலும் ராபர்ட் கிளைவும் மணமுடித்த இடம் என்ற ஒற்றை வரியோடு பெரும்பாலும் முடித்துவிடுகிறார்கள். அதைக் கட்டிய சபையின் கதை அதைவிடச் சுவையானது என்பதால் இதை எழுதுகிறேன்.

1640இல் கோட்டை உருவாகத் தொடங்கிய பின்னரும் ஆங்கிலேயச் சபைக்கென்று தனிக் கோயில் இருக்கவில்லை. கப்புச்சின் துறவிகளின் கத்தோலிக்கக் கோயில் கோட்டைக்குள்ளேயே இருக்க, ஆட்சி செய்தவர்களோ கிழக்கிந்தியக் கும்பினிப் பண்டகசாலையின் உணவுக்கூடத்தில் கூடித்தான் தொழுதார்கள். இந்த முரணை ஆளுநர் ஸ்ட்ரெயின்ஷாம் மாஸ்டர் மாற்றினார். இலண்டனிலிருந்து பணம் வரட்டும் என்று காத்திராமல், தாமே நன்கொடை திரட்டத் தொடங்கி, இயேசு பிறப்பார் என்ற மங்கள வார்த்தை மரியாளுக்கு அறிவிக்கப்பட்ட திருநாளான மார்ச் 25 அன்று, 1678இல், பணியைத் தொடங்கினார். ஆலயத்தின் பெயரும் அந்நாளை ஒட்டியே அமைந்தது. 1680 அக்டோபர் 28 அன்று ஆலயம் அர்ப்பணிக்கப்பட்டது.

வடிவமைத்தவர் பீரங்கிப்படை அலுவலர் ஒருவர் என்பர். கட்டடத்தைப் பார்த்தால் அதை நம்பத் தோன்றுகிறது. மரச்சட்டங்கள் தாங்கும் கூரைக்குப் பதிலாக, குண்டுவீச்சைத் தாங்கும்படி செங்கல்லால் வளைத்துக் கட்டிய தடித்த கூரையை அங்கே காணலாம். 1758 இறுதியில் பிரெஞ்சுத் தளபதி லாலி கோட்டையை முற்றுகையிட்டபோது அந்த முன்யோசனை வீண்போகவில்லை.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
சென்னை.